மூளையில் ஒரு வெள்ளைப் புள்ளி

1888-இல் சென்னையில் ஒரு கூலித் தொழிலாளி வலிப்பு கண்டு இறந்துபோனார். ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மருத்துவர் அந்த மரணத்தைப் பதிவு செய்தார். இறந்தவரைப் பீடித்திருந்தது சிஸ்டிசெர்கோசிஸ், அதாவது பன்றி நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டிகள் மனித உடலில் தங்கி உண்டாக்கும் நோய். இந்தியாவில் இந்த நோய் பதிவானது அதுவே முதல் முறை என்று இன்றைய மருத்துவக் கட்டுரைகள் குறிப்பிடுகின்றன. 1912-இல் கிருஷ்ணசாமி என்ற மருத்துவர் இந்தியன் மெடிக்கல் கெஜட் இதழில் இதே நோயைப் பற்றி எழுதினார். தசைவலியும் தோலுக்கடியில் சிறு கட்டிகளும் அவர் கண்டவை.

அதன்பின் ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு கழித்து, 1980களில், இந்தியா முழுவதும் ஃபிட்ஸ் வந்து மருத்துவமனைக்குப் போன ஏராளமான இளைஞர்கள் காசநோய் மாத்திரையோடு வீடு திரும்பினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் காசநோய் இல்லை. சென்னையில் 1888-லேயே பெயர் சொல்லப்பட்ட அந்தப் புழுதான் காரணம். அச்சில் இருந்த அறிவு ஏன் அன்றாட மருத்துவத்துக்குள் வராமல் போனது, கடைசியில் எப்படி வந்தது என்பது தமிழ்நாட்டு மருத்துவ வரலாற்றில் அதிகம் பேசப்படாத நல்ல கதைகளுள் ஒன்று. அதன் முக்கியமான பகுதி நடந்தது வேலூரில்.

வலிப்பு நமக்குப் புதிய நோய் அல்ல. காக்காய் வலிப்பு என்று பெயர் வைத்து, கையில் சாவிக்கொத்தைத் திணித்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, மந்திரித்துக் கயிறு கட்டி, பெண்ணாக இருந்தால் வெளியே சொல்லாமல் மறைத்து வாழ்ந்த சமூகம் இது. மருந்தும் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. ஃபீனோபார்பிட்டோன் 1912 முதலும் ஃபெனிட்டாயின் 1938 முதலும் வலிப்புக்குப் பயன்பட்டு வந்தன. ஆனால் வலிப்பு ஏன் வந்தது என்று கேட்டால் மருத்துவரிடம் பதில் இருக்காது. மண்டைக்குள் எட்டிப்பார்க்க வழி இல்லாத காலம் அது. எக்ஸ்-ரே எலும்பைக் காட்டும், மூளையைக் காட்டாது. ஈ.ஈ.ஜி. மின்னலைகளை வரைந்து காட்டும், அவை எதனால் தடம் புரண்டன என்று சொல்லாது.

1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. ஸ்கேன் கருவியில் முதல் நோயாளியின் மூளை படம் பிடிக்கப்பட்டது. 1979-இல் அவருக்கும் ஆலன் கோர்மாக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1980களில் இந்தியப் பெருநகரங்களில் அந்தக் கருவி பரவலானது. அதுவரை காரணம் தெரியாத வலிப்பு என்று எழுதப்பட்டவர்களை ஒவ்வொருவராக அதில் படுக்கவைத்தபோது ஒரு காட்சி திரும்பத் திரும்ப வந்தது.

நோயாளி பெரும்பாலும் சிறுவர் அல்லது இளைஞர். வலது கையிலோ இடது காலிலோ, உடலின் ஒரு பக்கத்தில் துடிப்பு தொடங்கி, சில நேரம் முழு வலிப்பாக மாறியிருக்கும். வலிப்பு அடங்கியபின் பரிசோதித்தால் கை கால் பலத்தில் குறை இருக்காது. பார்வை, பேச்சு, நடை எல்லாம் சரியாகவே இருக்கும். நரம்பில் சாய மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்தால் மூளையின் மேற்பரப்பை ஒட்டி ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். சிலருக்கு அது வட்டத் தகடு, சிலருக்கு நடுவில் கறுத்த வளையம். சுண்டைக்காய் அளவைத் தாண்டாது. சுற்றிலும் கறுப்பாக நீர்வீக்கம் பரந்திருக்கும். அந்த ஒரு புள்ளியைத் தவிர மூளை முழுவதும் இயல்பாக இருக்கும்.

இது என்ன என்ற கேள்விக்கு அன்றைய இந்திய நரம்பியல் மருத்துவர்கள் காசநோய்க் கட்டி என்று பதில் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்தியாவில் மூளைக் கட்டிக்காகத் திறக்கப்பட்ட மண்டைகளில் காசநோய்க் கட்டி அடிக்கடி கிடைத்த காலம் ஒன்று இருந்தது. 1950களில் நரம்பியல் அறுவை சிகிச்சை செய்தவர்கள் கண்ணால் கண்டு, கையால் எடுத்த அனுபவம் அது. காசநோய் எல்லாத் தெருவிலும் இருந்தது. அதற்கு மருந்தும் இருந்தது. அந்த மருந்தை வீட்டிலேயே வைத்துக் கொடுக்கலாம், சானடோரியம் தேவையில்லை என்று 1959-இல் உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியதே சென்னையில் நடந்த ஆய்வுதான். குணப்படுத்தக்கூடிய ஒரு கொடிய நோயைத் தவறவிடக் கூடாது என்ற அக்கறை இந்த முடிவுக்குப் பின்னால் இருந்தது.

மாத்திரை கொடுத்துச் சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுப்பார்கள். புள்ளி சுருங்கியிருக்கும் அல்லது மறைந்திருக்கும். மருந்து வேலை செய்துவிட்டது என்று மருத்துவரும் நோயாளியும் ஒருசேர மகிழ்வார்கள். ஆகவே கட்டி காசநோய்தான் என்பது உறுதியாகிவிடும். அடுத்த நோயாளிக்கும் அதே சீட்டு எழுதப்படும்.

இங்கேதான் சறுக்கல் இருந்தது. மருந்து கொடுக்காமல் விட்டிருந்தாலும் அந்தப் புள்ளி மறைந்திருக்குமா என்று யாரும் பார்க்கவில்லை.

அந்தச் சிகிச்சையின் விலை சிறியதல்ல. மாதக்கணக்கில், சிலருக்கு ஒன்றரை ஆண்டு வரை, மூன்று நான்கு மருந்துகள். ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். அது பயமுறுத்துமே தவிரக் கெடுக்காது. ஆனால் மஞ்சள் காமாலை வரும் அபாயம் உண்மையானது. எத்தாம்பியூட்டால் சிலருக்குப் பார்வையைக் கெடுக்கும். வலிப்பு நோயாளிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ஐசோனியசிட் மாத்திரை, ஃபெனிட்டாயின் உடலில் சிதைவதைத் தாமதப்படுத்தும். வழக்கமான அளவு மாத்திரையே ரத்தத்தில் குவிந்துபோக, நோயாளி தள்ளாடுவார், நாக்குக் குழறும், கண்கள் தாமாக ஆடும். மூளையில் கட்டி பெரிதாகிறதோ என்று வீட்டார் அலறியடித்து ஓடி வருவார்கள். ரிஃபாம்பிசின் இதற்கு நேர்மாறானது. அது வலிப்பு மாத்திரையைச் சீக்கிரம் சிதைத்து, அடங்கியிருந்த வலிப்பைத் திரும்பக் கிளப்பிவிடும்.

உடலுக்கு வெளியிலும் இழப்பு இருந்தது. வலிப்பு ஒரு களங்கம், டி.பி. இன்னொரு களங்கம். இரண்டையும் ஒரே மருந்துச் சீட்டில் சுமந்த இளம்பெண்ணின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். இந்து திருமணச் சட்டத்தில் திரும்பத் திரும்ப வரும் வலிப்பு, திருமணத்தை ரத்து செய்யக் கூடிய காரணமாக 1999 வரை நீடித்தது. அந்த ஆண்டு கொண்டுவந்த திருத்தம்தான் அதை நீக்கியது. ஒரு புள்ளிக்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பது வெறும் படிப்பறைச் சர்ச்சையாக இருந்ததே இல்லை.

சந்தேகம் எழாமலும் இல்லை. 1985-இல் சேத்தியும் உடன் பணியாற்றியவர்களும் பிரிட்டனின் நரம்பியல் இதழ் ஒன்றில், வலிப்பு நோயாளிகளின் ஸ்கேனில் தோன்றி மறையும் புள்ளிகளைப் பற்றி எழுதினார்கள். 1987-இல் வாடியாவின் குழுவும், டெல்லியைச் சேர்ந்த குலாட்டியா, அகுஜா ஆகியோரின் குழுவும் இதே திசையில் எழுதின. தானாகவே மறைகிறது என்றால் அது காசநோய்க் கட்டியாக இருக்க முடியுமா? வலிப்பே மூளையில் இந்த வீக்கத்தை உண்டாக்குகிறதோ என்றுகூடச் சிலர் யோசித்தார்கள். ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. புள்ளியை வெளியே எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர்கள்தான் குறைவு.

இந்தக் குழப்பத்துக்கு ஐம்பது ஆண்டுகள் முன்பே லண்டனில் ஒருவர் இதன் பெரும்பகுதியை அவிழ்த்து வைத்திருந்தார் என்பதுதான் வியப்பு. வில்லியம் மெக்ஆர்தர் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர். வெளிநாட்டில், குறிப்பாக இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய சிப்பாய்கள் பலருக்கு வலிப்பு வருவதை அவர் கவனித்தார். வெளிநாடு போகும்வரை நன்றாக இருந்தவர்கள், குடும்பத்தில் யாருக்கும் வலிப்பு இல்லாதவர்கள். அவர்களின் தோலுக்கடியில் விரலால் தடவிப் பார்த்தால் சிறு கட்டிகள் தட்டுப்படும். தசைகளை எக்ஸ்-ரே எடுத்தால் சுண்ணாம்பாக உறைந்த சிறு துணுக்குகள் தெரியும். எல்லாம் நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டிகள். 1934-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, பிரிட்டிஷ் ராணுவத்தில் சிஸ்டிசெர்கோசிஸ் எப்படி வலிப்பை உண்டாக்குகிறது என்பதைப் பற்றியது. அந்த வேலையைப் பின்னவர்கள் விடவில்லை. 1944-இல் டிக்சனும் ஹார்கிரீவ்ஸும் 284 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். 1961-இல் டிக்சனும் லிப்ஸ்கோமும் 450 பேரை நெடுங்காலம் பின்தொடர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு வலிப்பு இருந்தது. தொற்று ஏற்பட்டதற்கும் முதல் வலிப்புக்கும் இடையே பொதுவாகச் சில ஆண்டுகள், அரிதாக இருபது முப்பது ஆண்டுகள்கூடக் கடந்திருந்தன.

அந்த 450 பேரில் மிகப் பெரும்பாலோர் நோயைப் பெற்றது இந்திய மண்ணில். சில ஆண்டுகள் வந்து போன வெள்ளைக்காரச் சிப்பாய்க்கே இப்படி என்றால், இங்கேயே பிறந்து, இதே தண்ணீரைக் குடித்து, இதே கீரையைச் சாப்பிட்டு வாழ்ந்தவர்களுக்கு எவ்வளவு இருந்திருக்கும்? அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் இந்தியா. ஆனால் சிப்பாய்களுக்கு அட்டவணை போட்ட பேரரசு, கூலிக்காரர்களுக்குப் போடவில்லை. சுதந்திர இந்தியாவின் மருத்துவ மாணவர்களோ புழுவைப் பற்றி ஒட்டுண்ணிகள் என்ற பாடத்தில் படித்து, தேர்வு எழுதி, மறந்துபோனார்கள்.

இன்னொரு தடையும் இருந்தது. மெக்சிகோவிலும் தென்னமெரிக்காவிலும் இந்த நோய் நன்கு அறியப்பட்டது. அங்கிருந்து வந்த புத்தகப் படங்களில் மூளை முழுக்கக் கட்டிகள் சிதறிக் கிடக்கும். இந்திய நோயாளிகளிடம் தெரிந்ததோ பெரும்பாலும் ஒற்றைப் புள்ளி. படத்தோடு ஒத்துப்போகாததால் அதுவாக இருக்காது என்று ஒதுக்கிவிட்டார்கள்.

மூன்றாவது தடை, சாப்பாடு. "நாங்கள் சுத்த சைவம் டாக்டர், பன்றிக்கறி வாசனைகூட அறியோம்" என்று சொல்லும் குடும்பத்தில் பன்றியின் புழு எப்படி வரும்? இந்தத் தவறான எண்ணம் இன்றும் படித்தவர்களிடையே இருப்பதால் புழுவின் வாழ்க்கையைச் சற்று நின்று பார்ப்பது நல்லது.

பன்றி நாடாப்புழுவின் முழு வளர்ச்சி மனிதக் குடலில் மட்டும்தான். இளம்பருவக் கட்டி உள்ள பன்றிக்கறியைச் சரியாக வேகவைக்காமல் தின்றவரின் குடலில் அது பல அடி நீளத்துக்கு வளரும். அவருக்குப் பெரிய தொல்லை இருக்காது. மலத்தோடு ஆயிரக்கணக்கான முட்டைகள் வெளியேறும். திறந்தவெளியில் மேயும் பன்றி அந்த மலத்தைத் தின்றால், முட்டைகள் பொரித்து அதன் தசையில் கட்டிகளாகத் தங்கும். அதே முட்டைகள் கழுவாத கை வழியாகவோ, பச்சைக் காய்கறி வழியாகவோ, தண்ணீர் வழியாகவோ ஒரு மனிதரின் வயிற்றுக்குள் போனால், பன்றிக்கு நடப்பதுதான் அவருக்கும் நடக்கும். குடல் சுவரைத் துளைத்து, ரத்தத்தோடு போய், தசையிலும் கண்ணிலும் மூளையிலும் தங்கும். ஆக, பன்றிக்கறி தின்றவருக்கு வருவது குடல் புழு. மூளையில் கட்டி வருவது முட்டையை விழுங்கியவருக்கு. அவர் சைவமாக இருந்தாலும் ஒன்றுதான். கறிக்கும் குடல் புழுவுக்கும் உள்ள தொடர்பை ஜெர்மானிய மருத்துவர் ஃப்ரீட்ரிக் கூக்கன்மைஸ்டர் 1855-இல் நிரூபித்த விதம் இன்று நினைத்தாலும் கூசவைக்கும். மரண தண்டனைக் கைதி ஒருவருக்கு அவர் அறியாமல் கட்டிகளை உணவில் கலந்து கொடுத்து, தண்டனை நிறைவேறியபின் குடலை அறுத்துப் பார்த்தார்.

உணவு விலக்கு காப்பாற்றாது என்பதற்கு நியூயார்க்கில் ஓர் அழுத்தமான சான்று கிடைத்தது. பன்றிக்கறியைத் தொடவே தொடாத ஆசார யூதக் குடும்பங்களில் சிலருக்கு வலிப்பு வந்து, மூளையில் இந்தக் கட்டி இருப்பது தெரிந்தது. நோய் அதிகமுள்ள லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்து அந்த வீடுகளில் வேலை செய்தவர்கள் வழியாக முட்டைகள் வந்திருக்கும் என்று 1992-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான கட்டுரை விளக்கியது.

இனி வேலூர்.

கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-இல் ஜேக்கப் சாண்டி நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் அதுவே முதல். கனடாவின் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்றவர் அவர். வலிப்புக்குக் காரணமான இடத்தை மூளையில் தேடிக் கண்டுபிடிப்பதே பென்ஃபீல்டின் வாழ்நாள் வேலை. அடுத்த ஆண்டு, 1950-இல், சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி இதே துறையைத் தொடங்கினார். இந்த இருவரும், நரம்பியல் மருத்துவர் பல்தேவ் சிங்கும், மூளை மின்னலை ஆய்வில் தேர்ந்த எஸ்.டி. நரசிம்மனும் சேர்ந்து 1951-இல் சென்னையில் இந்திய நரம்பியல் சங்கத்தை உருவாக்கினார்கள். நாட்டில் நரம்பியல் படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலையில், ஒருவர் கண்டதை இன்னொருவர் அறிய ஆண்டுக்கொரு கூட்டமும் ஓர் இதழும் வேண்டும் என்று நினைத்தவர்கள் அவர்கள். 1953-இல் நியூராலஜி இந்தியா இதழ் வந்தது. அந்த இதழின் 1970-ஆம் ஆண்டு இணைப்பில்தான் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி மூவரும் சென்னை நோயாளிகளிடம் கண்ட ஒரு தனி வகை நரம்புத் தேய்வு நோயை விவரித்தார்கள். இளம் வயதில் தொடங்கி, காது மந்தமாகி, மெல்ல நகரும் அந்த நோய் இன்று உலகெங்கும் மெட்ராஸ் என்ற பெயரோடே அறியப்படுகிறது. மேலைநாட்டுப் புத்தகத்தில் இல்லாததையும் தங்கள் வாசலில் நிற்கும் நோயாளியிடம் காணலாம் என்ற துணிவு இந்த மண்ணில் அப்போதே வேர்விட்டிருந்தது.

வேலூரில் 1980களில் அந்தத் துணிவு வெள்ளைப் புள்ளியின் பக்கம் திரும்பியது. மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகிய அறுவை சிகிச்சை நிபுணர்களும் உடன் பணியாற்றியவர்களும் எளிமையான, ஆனால் கடினமான ஒரு முடிவெடுத்தார்கள். புள்ளியை எடுத்தே பார்ப்பது. 20 மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு துணுக்கை, கை காலை இயக்கும் மூளைப் பகுதிக்கு அருகிலிருந்து, சுற்றியுள்ள திசுவைக் கெடுக்காமல் எடுப்பது லேசான காரியமல்ல. ஸ்டீரியோடாக்சி என்ற முறை அதற்குக் கைகொடுத்தது. நோயாளியின் தலையில் உலோகச் சட்டத்தைப் பொருத்தி, அதோடேயே ஸ்கேன் எடுத்து, புள்ளி இருக்கும் இடத்தை மூன்று அளவுகளாகக் கணக்கிட்டு, அந்தக் கணக்கின்படி சிறு துளை வழியே நேராக அதை அடைவது இந்த முறை.

எடுத்த துணுக்குகள் நோய்க்கூறியல் ஆய்வகத்துக்குப் போயின. காசநோய் என்றால் நுண்ணோக்கியில் அதற்கே உரிய சிதைவு தெரிய வேண்டும், கிருமி தெரிய வேண்டும். தெரிந்ததோ வேறு. ஒன்றன்பின் ஒன்றாகப் பலவற்றில் சாகும் நிலையிலிருந்த சிஸ்டிசெர்கஸ் கட்டியும் அதைச் சுற்றி மூண்ட அழற்சியும் இருந்தன. 1989-இல் லான்செட் இதழில் ஒரு சுருக்கமான கடிதமாக அந்தச் செய்தி வந்தது. இந்திய வலிப்பு நோயாளிகளின் ஸ்கேனில் தெரியும் ஒற்றைச் சிறு புள்ளிக்குக் காரணம் சிஸ்டிசெர்கோசிஸ் என்றது அது. 1991-இல் விரிவான கட்டுரை தொடர்ந்தது.

புள்ளி தானாக மறைவது ஏன் என்பதும் இப்போது விளங்கியது. உயிரோடிருக்கும் கட்டி, உடலின் எதிர்ப்பு சக்தியின் கண்ணில் படாமல் ஆண்டுக்கணக்கில் மூளையில் அமைதியாக இருக்கும். அப்போது வலிப்பு வராமலே இருக்கலாம். அது சாகத் தொடங்கும்போதுதான் உடல் விழித்துக்கொண்டு தாக்கும். வீக்கம் வரும், ஸ்கேனில் வெள்ளை வளையம் வரும், வலிப்பு வரும். அதாவது மருத்துவர் அந்தப் புள்ளியைப் பார்க்கும்போதே புழுவின் கதை முடிந்துகொண்டிருக்கிறது. சில மாதங்களில் உடல் அதைக் கரைத்துவிடும், அல்லது சுண்ணாம்புத் துணுக்காக உறைய வைத்துவிடும். காசநோய் மாத்திரைக்குக் கிடைத்த பெருமை உண்மையில் நோயாளியின் உடலுக்குச் சேர வேண்டியது.

ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் மண்டையைத் திறந்து பார்க்க முடியாதே. உண்மையான காசநோய்க் கட்டியும் இந்தியாவில் இருக்கத்தானே செய்கிறது? வேலூர்க் குழுவின் அடுத்த வேலை, என் மதிப்பில், முதல் கண்டுபிடிப்பைவிடப் பெரியது. 1993-இல் அவர்கள் ஒரு சாதாரண மருத்துவர் தன் அறையில் உட்கார்ந்து பயன்படுத்தக்கூடிய அளவுகோலை வெளியிட்டார்கள். புள்ளி ஒன்றே ஒன்றா, 20 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா, மூளையின் நடுக்கோட்டைத் தள்ளாமல் இருக்கிறதா? நோயாளிக்கு வலிப்பைத் தவிர, நாளுக்கு நாள் மோசமாகும் கை கால் பலவீனமோ மண்டைக்குள் அழுத்தம் கூடிய அறிகுறிகளோ இல்லையா? உடலில் வேறெங்கும் காசநோயோ புற்றுநோயோ இல்லையா? எல்லாம் பொருந்தினால் அறுவை வேண்டாம், காசநோய் மருந்தும் வேண்டாம். வலிப்பு மாத்திரை கொடுத்து, சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும். இந்த அளவுகோலைப் புதிதாக வந்த நோயாளிகளிடம் சோதித்து, அது நிற்கிறது என்று 1997-இல் மறுபடி எழுதினார்கள். காந்த ஸ்கேன் (எம்.ஆர்.ஐ.) வசதி சில நகரங்களில் மட்டும் இருந்த நாட்டில், சி.டி. படமும் மருத்துவரின் கண்ணும் கையுமே போதும் என்று சொன்ன அளவுகோல் அது. 2001-இல் இந்நோயைக் கண்டறிய உலகளவில் முன்மொழியப்பட்ட விதிகளை வகுத்தவர்களின் பட்டியலில் ராஜசேகரின் பெயரும் இருந்தது.

புழுவைக் கொல்லும் மருந்து வேண்டுமா என்ற கேள்வி தீர இன்னும் நாளானது. பிராசிக்வான்டெல், பிறகு அல்பெண்டசோல் என்று மெக்சிகோ மருத்துவர்கள் 1980களில் வழிகாட்டினார்கள். இந்தியாவின் ஒற்றைப் புள்ளிக்கு அது தேவையா? 1994-இல் டெல்லியில் நடந்த சோதனை, அல்பெண்டசோலால் தனிப் பயன் தெரியவில்லை என்றது. 1998-இல் சண்டிகரில் குழந்தைகளிடம் நடந்த சோதனை, புள்ளி சீக்கிரம் மறைகிறது என்றது. பல ஆண்டுகள் ஒரே நகரத்தில் ஒரு மருத்துவர் கொடுப்பார், அடுத்த தெருவில் இன்னொருவர் கொடுக்க மாட்டார். இப்போதைய சர்வதேச வழிகாட்டுதல்கள் ஒற்றைப் புள்ளிக்கு அல்பெண்டசோலை ஸ்டீராய்டோடு ஒன்றிரண்டு வாரம் கொடுக்கலாம் என்கின்றன. முழுதும் சுண்ணாம்பாகிவிட்ட கட்டிக்குப் புழு மருந்து தேவையில்லை. மூளை முழுதும் கட்டிகளும் கடும் வீக்கமும் உள்ளவருக்கு அதே மருந்து ஆபத்து, ஏனெனில் எல்லாக் கட்டிகளும் ஒரே நேரத்தில் செத்து வீக்கம் உயிரைப் பறிக்கலாம். கண்ணுக்குள் கட்டி இருக்கிறதா என்று பார்க்காமல் மருந்தைத் தொடங்கக் கூடாது. வலிப்பு மாத்திரை விஷயத்திலும் மாற்றம் வந்தது. புள்ளி முழுதும் மறைந்தவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க மாத்திரை தேவைப்படுவதில்லை. சுண்ணாம்புத் தழும்பு தங்கியவர்களிடம் வலிப்பு திரும்பும் வாய்ப்பு கூடுதல். மருத்துவர் மேற்பார்வையில் மெல்லக் குறைத்துப் பார்க்கும் வழக்கம் இப்படித்தான் உருவானது.

மருத்துவமனைக்கு வருபவர்களை மட்டும் வைத்து ஒரு நோயின் அளவைச் சொல்ல முடியாது. வேலூர் மருத்துவர்கள் அதற்காக ஊருக்குள் இறங்கினார்கள். வேலூர் மாவட்டத்தில் 50,000-க்கும் அதிகமானோரை வீடுவீடாக விசாரித்து நடத்திய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. ஆயிரத்துக்குச் சுமார் 3.8 பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்தபோது அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் காரணம் இந்தப் புழு. இந்நோய் பரவலாக உள்ள நாடுகளில் வலிப்பு நோயாளிகளில் சுமார் 30 சதவீதத்தினருக்கு இதுவே காரணம் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. கழிப்பறை, சுத்தமான தண்ணீர், அடைத்து வளர்க்கும் பன்றி, கறிக்கடையில் ஆய்வு, குடலில் புழு உள்ளவருக்கு ஒரு வேளை மருந்து ஆகியவற்றால் முற்றிலும் தடுக்கக்கூடிய வலிப்பு இது.

அன்றாட நரம்பியல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டதற்கு இந்த வரலாறு நல்ல உதாரணம். ஸ்கேன் கருவி வந்தவுடன் தவறு திருந்திவிடவில்லை. புதுக் கருவி முதலில் பழைய எண்ணத்துக்கே சாட்சி சொன்னது. பலன் தருவதுபோல் தோன்றிய சிகிச்சையைச் சந்தேகித்தவர்களும், துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தவர்களும், பார்த்ததை எந்த மூலையிலிருக்கும் மருத்துவரும் பயன்படுத்தும்படி எழுதியவர்களும்தான் மாற்றத்தைக் கொண்டுவந்தார்கள். அதிலும் சந்தேகத்துக்கும் திருத்தத்துக்கும் நடுவே பல ஆண்டுகள் ஓடின. அந்த ஆண்டுகளில் தேவையில்லாத மருந்தை விழுங்கியவர்களுக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் யார் வீட்டிலாவது இப்படி ஒரு புள்ளியோடு ஸ்கேன் படம் இருந்தால், அந்த முதல் படத்தைத் தூக்கிப் போடாமல் தேதியோடு பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த படத்தோடு ஒப்பிட்டுத்தான் புள்ளி சுருங்கியதா, உறைந்ததா, வளர்ந்ததா என்று மருத்துவர் சொல்ல முடியும். வளர்ந்தால் காசநோய் உட்பட வேறு காரணத்தை அவர் தேட வேண்டியிருக்கும். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்தப் புழுவின் முட்டை யாரோ ஒருவரின் குடலிலிருந்துதான் வந்திருக்கும் என்பதால், வீட்டில் எல்லோருக்கும் மலப் பரிசோதனை தேவையா என்றும் மறக்காமல் மருத்துவரிடம் கேளுங்கள்.